பாதிக் கம்பத்தில் நின்ற கொடி

அந்த நாட்டில் தூரத்தை மைல் கணக்கில் சொல்கிற வழக்கம் இல்லை. பக்கத்து ஊர் எங்கே என்று கேட்டால் காரில் ஏழு மணித்தியாலம் என்பார்கள், அதற்கடுத்த ஊர் எங்கே என்று கேட்டால், கேட்டவரை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதலில் குந்தியிருந்து தேத்தண்ணி குடியுங்கோ என்பார்கள். நடுவில் கிடப்பதெல்லாம் காடு, காட்டுக்கு நடுவில் ஏரி, ஏரிக்கு நடுவில் ஒரு தீவு, அந்தத் தீவுக்கு நடுவில் இன்னொரு குட்டி ஏரி. அந்தக் குட்டி ஏரிக்கு அங்கே காலங்காலமாய் இருக்கிற கிறீ சனங்கள் எப்பவோ பேர் வைத்துவிட்டார்கள், வரைபடம் கீறினவர்கள்தான் அவர்களிடம் போய்க் கேட்கவில்லை.

மாரி என்றால் அங்கே மாரி. தை மாதம் வெளியே வந்து ஒரு மூச்சு இழுத்தால் மூக்குக்குள் மயிர் கம்பியாய் நிமிரும், கண்ணிமை இரண்டும் ஒட்டிக்கொள்ளும், காருக்கு வயர் கொளுவிக் கரண்ட் கொடுக்காமல் விட்டால் காலையில் அது உங்களோடு பேசாது, சூரியன் மத்தியானம் வேலி உயரத்துக்கு வந்து வேண்டாவெறுப்பாய் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். கோடை என்றால் கோடை. அதே சூரியன் படுக்கப் போக மனமில்லாமல் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் முற்றத்தில் நிற்கும், நுளம்பு கூட்டம் கூட்டமாய் வந்து சட்டைக்கு மேலாலேயே குத்தும், எங்கோ காடு எரிந்து புகை வரும், போன மாதம் கம்பளிக்குள் கிடந்த பிள்ளைகள் கழுத்தளவு தண்ணீரில் நின்று கத்தும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் காலம் உண்டு, அது ஒருவருக்கும் பிடிக்காத காலம். ஏரியில் ஐஸ் இருக்கும், ஆனால் கார் போனால் தாழும். ஐஸ் இருப்பதால் படகும் போக ஏலாது. சறுக்குக் கால் பூட்டின விமானமும் இறங்காது, மிதவைக் கால் பூட்டின விமானமும் இறங்காது. பத்துப் பன்னிரண்டு நாள் இந்த இழுபறி, பிறகு ஒரு மத்தியானம் ஏரி பெரிய சத்தத்தோடு உடையும், எல்லாரும் அப்பாடா என்று படகு கழுவப் போவார்கள். பவளராணி வயிற்றில் பிள்ளையோடு இருந்த வருசம் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள் சித்திரையில் தொடங்கி ஆடி வரைக்கும் நீண்டுபோனது.

ஊருக்கு ஸ்பூன் லேக் என்று பேர். அங்கே மீன் பக்ரறியில் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்துச் சனங்கள் அதைக் கரண்டிக்குளம் ஆக்கிப்போட்டார்கள். ஊரார் விளையாடிக் கைவிட்ட ஒரு நீளமான ஐஸ் விளையாட்டுக் கொட்டகையை எடுத்து, பிள்ளையாரை இருத்தி, வாசலில் காட்டு மரத்தில் ஒரு கொடிக்கம்பமும் நாட்டினார்கள். பூசைக்குச் சோமாஸ்கந்த ஐயர். கிழமை நாட்களில் அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார், நடை திறக்கிற நேரமும் பஸ் நேரமும் முட்டிக்கொண்டால் பிள்ளையார்தான் பொறுத்துக்கொள்வார். சித்திராப் பூரணையோடு முடிகிற மாதிரி வருசத்துக்கு ஒரு திருவிழா, கொடியேற்றி, சாமி சுற்றி, கொடியிறக்கி, எல்லாம் குறைவில்லாமல்.

அந்த வருசம் கொடியேற்றின கை பவளராணியின் புருசன் குகதாசனுடையது. கலியாணம் கட்டி ஒன்பது வருசம் கழித்துப் பிள்ளை உண்டாகி இருந்தது, பிள்ளையாருக்கு வைத்த நேர்த்திக்கடன்தான் அந்தக் கொடியேற்றம். குகதாசன் பனிச்சாலை பார்க்கிறவன். மாரியில் ஏரி உறைந்ததும் அதன்மேல் லொறி ஓடுகிற சாலை போடுவார்கள், வேறு பாதையே இல்லாத வடகரைக் குடியிருப்புக்கு எண்ணெயும் மாவும் அதால்தான் போகும். ஐஸில் துளை போட்டுத் தடிப்பு அளப்பதும், வழி தெரிய இரண்டு பக்கமும் மரக்கொப்பு நடுவதும், காலம் முடிந்ததும் கொப்பைப் பிடுங்கிச் சாலையை மூடுவதும் அவன் வேலை. கொடி ஏறின மறுநாள் அவன் சாலையை மூட வடகரைக்குப் புறப்பட்டான்.

"பவளம், போன கையோட வந்திடுவன். கொடி இறக்க நான் நிப்பன்," என்றான்.

"உடன வரோணும் எண்டு அவதிப்பட்டு வேலையை அரைகுறையா விட்டிட்டு ஓடி வராதேங்கோ. எனக்குப் பாதியில விடுற வேலை கண்ணில காட்டக்கூடாது," என்றாள் பவளராணி.

அவள் சொன்னது மெய்தான். பக்ரறியில் மீன் வெட்டுகிற மேசையில் நிற்கும்போது மணி அடித்தாலும் கையில் எடுத்த மீனை முடித்துவிட்டுத்தான் கத்தியை வைப்பாள். பாதி கழுவின பாத்திரத்தைக் கண்டால் அவளுக்கு நித்திரை வராது. அப்படிப்பட்டவள் வாயால் முடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பி, அவன் வடகரையில் கடைசிக் கொப்பைப் பிடுங்கி நிமிர்ந்த நேரம் தெற்கே இருந்து சூடான காற்று ஒன்று அடித்தது. சாலை இளகிவிட்டது. வரட்டும், பத்து நாளில் ஏரி உடைந்தால் படகில் வந்துவிடுவார், பிள்ளைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கு என்று அவளும் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கொடியிறக்க நாள் வந்தது. குகதாசன் இல்லை, கயிற்றை ஆர் பிடிப்பது? கோயில் தலைவர் அம்பலவாணர் ஆரையும் கேட்காமல் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கயிற்றை அவிழ்த்து இறக்கத் தொடங்கினார். கொடி பாதிக் கம்பம் வந்ததோ இல்லையோ, செயலாளர் நல்லைநாதன் பாய்ந்து வந்து கயிற்றின் மற்றத் தலைப்பைப் பிடித்தார்.

"தலைவர் எண்டால் கதிரைக்குத்தான் தலைவர், கயித்துக்கில்லை. போன வருசம் நான் சாமி தூக்க வந்தநேரம் நீர் என்ன சொன்னனீர்?"

"போன வருசத்துக் கதையை இப்ப ஏன் இழுக்கிறீர்? கயித்தை விடும், நல்லைநாதன்."

"விடமாட்டன். என்ர செத்த வீட்டிலயும் நீர்தான் முன்னுக்கு நிப்பீர் போல கிடக்கு!"

இவர் இழுக்க, அவர் இழுக்க, கொடி மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவில் நின்று துடித்தது. சனம் இரண்டாய்ப் பிரிந்து கத்தியது. அந்த நேரம் பார்த்து மடைப்பள்ளியில் பொங்கல் அடிப்பிடிக்கிற மணம் வந்தது. ஐயர் மணியைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டி, "ஏத்தின கைதான் இறக்கோணும்! குகதாசன் வரட்டும்! இப்ப அதைக் கட்டிப்போட்டு எல்லாரும் சாப்பிட வாங்கோ!" என்று சன்னதம் வந்தவர் போல் கத்தினார். அம்பலவாணர் கயிற்றைக் கம்பத்தில் கட்டி ஒரு முடிச்சுப் போட்டார். அவர் களவாய் அவிழ்த்துப்போடுவார் என்று நல்லைநாதன் அதற்கு மேல் ஒரு முடிச்சுப் போட்டார். நல்லைநாதனை நம்பி வீட்டுக்குப் போகலாமோ என்று அம்பலவாணர் திரும்பி வந்து இன்னொன்று போட, நல்லைநாதன் அதற்கும் மேல் ஒன்று போட்டார். மழையும் பனியும் கலந்து ஒரு தூறல் தூறியது. சனம் சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தபோது முடிச்செல்லாம் சேர்ந்து ஒரே ஐஸ் கட்டியாய் இறுகிக் கிடந்தது, அதோடு பருவமும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்கள். கொடி பாதிக் கம்பத்தில் பறந்தால் அவர்களுக்கு அது செத்தவீடு. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மூடி போட்ட தட்டுகளில் மக்ரோனியும் சீஸும் சுட்டுக் கொண்டுவந்து, "யார் போனது?" என்று மெல்லக் கேட்டார்கள். அம்பலவாணர் வீட்டில் நல்லைநாதனைக் காட்டினார்கள், நல்லைநாதன் வீட்டில் அம்பலவாணரைக் காட்டினார்கள். இரண்டு கிழமைக்குக் கரண்டிக்குளத்துத் தமிழர் ஒருவரும் சமைக்கவில்லை.

பிறகுதான் விசயம் எல்லாருக்கும் விளங்கியது. ஏரி அப்படியே கிடந்தது, சாம்பல் நிறத்தில், கால் வைத்தால் முனகிக்கொண்டு. காலையில் முழங்கால் அளவுக்குப் பனி கொட்டியது, மத்தியானம் அது சேறாகியது, அந்தியில் திரும்ப உறைந்தது. கூரை விளிம்பில் ஐஸ் ஊசிகள் சொட்டிக்கொண்டே இருந்தன, ஒரு விரற்கடை கூடக் குறையவில்லை. தெற்கே இருந்து வந்த வாத்துகள் இறங்கத் தண்ணி இல்லாமல் கூரைகளில் குந்தியிருந்து ஒன்றையொன்று ஏசின. கரடிகள் பாதி நித்திரையில் எழும்பி வந்து, குப்பைமேட்டில் உட்கார்ந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கொட்டாவி விட்டன.

ஊரின் பேர்ப்பலகைக்கு அங்கால் ஒரு கரைச்சலும் இல்லை, அங்கே வைகாசி வந்தது, ஆனி வந்தது, புல் முளைத்தது, மஞ்சள் பூப் பூத்தது. ஆகவே சனம் அதற்கும் ஒரு வழி கண்டது. சனிக்கிழமைகளில் மடக்குக் கதிரையும் ஈரத் துணியும் காரில் ஏற்றிக்கொண்டு பலகைக்கு அங்கால் போய், உடுப்பைக் காயப்போட்டு, வெயிலில் முதுகைக் காட்டி இருந்துவிட்டு, பொழுதுபடத் திரும்பக் குளிர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் வந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் ஒரு பக்கம் செருப்பு, ஒரு பக்கம் பனிச்சப்பாத்து. ஆரும் தலையில் கை வைக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து இந்தக் குளிர் எங்களை என்னதான் செய்யவில்லை, இதையும் ஒருக்கால் செய்து பார்க்கட்டும் என்பதுதான் பொதுவான பேச்சு.

ஆனால் அந்தப் பாதித்தனம் ஏரியோடு நிற்கவில்லை, ஊருக்குள்ளும் மெல்ல மெல்ல ஊறியது. கேத்தில் கொதிக்க மறுத்தது, தண்ணி இளஞ்சூட்டோடு நின்றுகொண்டது. எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் சோறு நடுவில் நறுக்கென்று கடிபட்டது. ரீவியில் படம் இடைவேளையோடு முடிந்தது. ரெலிபோனிலும் பேச்சுப் பாதிதான் வந்தது, அதுதான் பவளராணிக்குப் பெரிய ஆக்கினை.

"பவளம், நீர் ஒண்டுக்கும்..." என்று வடகரையில் இருந்து குகதாசனின் குரல் வரும், அதோடு அறுந்துவிடும். மிச்சத்தை அவளே போட்டு நிரப்பினாள். மனம் நல்லாய் இருக்கிற நாளில், நீர் ஒண்டுக்கும் யோசியாதையும் என்று நிரப்பினாள். மனம் சரியில்லாத நாளில், நீர் ஒண்டுக்கும் உதவாத பொம்பிளை என்று நிரப்பி, அன்று முழுக்க அவனோடு மனதுக்குள் சண்டை பிடித்தாள். ஒவ்வொரு காலையும் அவன் வடகரையில் பச்சைக் கொப்பைப் போட்டு நெருப்பு மூட்டுவான், தான் சுகம் என்று காட்டுகிற புகை அது. அது பாதி உயரத்துக்கு எழும்பி அங்கேயே நிற்கும், அவள் யன்னலில் நின்று அது கலையும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

வைகாசியில் பிறக்க வேண்டிய பிள்ளை பிறக்கவில்லை. ஊர் நேர்ஸ் மார்த்தா, கிறீப் பெண், பெரிய உடம்பும் அதைவிடப் பெரிய சிரிப்பும், வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நோவு இருக்கிறதா?" என்று கேட்டாள். நோவு இல்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எல்லாவற்றையும் படம் பிடித்துப் பார்த்து, திகதியைப் பிழையாய்க் கணக்குப் பார்த்திருக்கிறீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஆனி பிறந்தது, பிள்ளை பிறக்கவில்லை. பவளராணி அதற்கும் பயப்படவில்லை, சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் புளுகமும் பூரிப்பும்தான். "தேப்பன் வந்து பாக்கட்டும் எண்டு இருக்குது பிள்ளை. ஒன்பது வருசம் நான் காத்தனான், அது ரெண்டு மாதம் காக்கட்டுமன்," என்று பக்ரறிப் பெண்களுக்குச் சொல்லிச் சிரித்தாள். அவர்களும் முறைவைத்து அரைவேக்காட்டுச் சோறு கொண்டுவந்து கொடுத்து, அவளுக்குப் பதிலாய் வீடு கூட்டி, பிறக்காத பிள்ளைக்கு இரண்டாவது அளவில் சட்டை பின்னத் தொடங்கினார்கள்.

கோயில் கமிட்டி எத்தனையோ முறை கூடியது. குகதாசன் வந்தால்தான் கொடி இறங்கும், கொடி இறங்கினால்தான் பருவம் அசையும், பருவம் அசைந்தால்தான் ஏரி உடையும், ஏரி உடைந்தால்தான் குகதாசன் வருவான். இதை அம்பலவாணர் ஒரு பக்கத்தில் இருந்து சொல்வார், நல்லைநாதன் மற்றப் பக்கத்தில் இருந்து சொல்வார், கேட்ட சனம் தலையைப் பிடித்துக்கொண்டு இளஞ்சூட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகும்.

ஆடி மாதம் ஒரு காலை மார்த்தா வழமைபோல வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய சிரிப்பைக் காணவில்லை.

"பிள்ளை உதைத்து எத்தனை நாள்?"

பவளராணி விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். யோசித்துப் பார்த்தால், அது நெடுநாளாய் உதைக்கவில்லை.

"இதயம் அடிக்கிறது," என்றாள் மார்த்தா. "ஆனால் அடிக்க வேண்டியதில் பாதிதான் அடிக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. விமானத்தைக் கூப்பிட்டுவிட்டேன், இறங்க இடமில்லை என்கிறார்கள். பட்டணத்துக்கு ரோட்டால் கொண்டுபோகலாம், ஆனால் அவ்வளவு தூரம் தாங்குமோ என்று எனக்குத் தெரியாது. பார், பவளம், என் படகு சித்திரையில் இருந்து முற்றத்தில் குப்புறக் கிடக்கிறது, நான் வாய் திறக்கவில்லை. உங்கள் கடவுள், உங்கள் கயிறு, நடுவில் நான் ஏன் என்று இருந்தேன். இன்றைக்குச் சொல்கிறேன். அந்தக் கொடியை உங்கள் ஆட்கள் இறக்குகிறார்களா, இல்லை நான் துவக்கை எடுத்துக்கொண்டு வந்து சுட்டு வீழ்த்தட்டுமா?"

பவளராணி பயந்துபோனாள். அன்றுவரை பிள்ளை காத்திருக்குது என்றுதான் நினைத்திருந்தாள். அது காத்திருக்கவில்லை, பாதி வழியில் மாட்டுப்பட்டுக் கிடக்குது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எழும்பினாள், ஜக்கெற்றைப் போட்டாள், அது பூட்டுப்படவில்லை, திறந்தபடியே விட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். காலைப் பனியில் அந்த வயிற்றோடு அவள் நடந்து போவதைக் கண்டவர்கள் ஒவ்வொருவராய் வீட்டை விட்டு வந்து பின்னால் நடந்தார்கள், மீன் பக்ரறி மேசையை விட்டு வந்தது, வாத்துகள் கூரைக்குக் கூரை தாவிக்கொண்டு வந்தன.

ஐயர் கோயில் வாசலில் பஸ்ஸைக் கிளப்பத் திறப்புக் கோர்வையோடு நின்றார்.

"ஐயா, ஏத்தின கைதான் இறக்கோணும் எண்டு எந்தச் சாத்திரத்தில கிடக்கு?"

ஐயர் திறப்பை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினார். "பிள்ளை, அண்டைக்குப் பொங்கல் அடிப்பிடிச்சிட்டுது..."

"நான் பொங்கலைக் கேக்கேல்லை. சாத்திரத்தைக் கேட்டனான்."

"அதைத்தான் சொல்லுறன். பொங்கல் அடிப்பிடிக்குது, இவை ரெண்டு பேரும் கயித்தை விடினமில்லை, வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன். சாத்திரத்தில அப்பிடி ஒண்டும் இல்லை. பிறகு எல்லாரும் அதையே பிடிச்சுக்கொண்டு நிண்டியள், எனக்கும் சொல்ல வெக்கமாப் போச்சு."

"கோதாரி!" என்றாள் பவளராணி. கோயில் வாசலில் வாயில் வரக்கூடாத சொல்தான், வந்துவிட்டது. "ஒரு பானைப் பொங்கலுக்காக என்ர மனுசன் அங்கால கிடக்கிறார், என்ர பிள்ளை இஞ்ச கிடக்குது!"

அவள் நேரே கம்பத்தடிக்குப் போனாள். அம்பலவாணர் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். "பிள்ளை, பிள்ளைத்தாச்சி கம்பத்தைத் தொடப்படாது."

"அப்ப நீங்கள் அவிழுங்கோ, அண்ணை."

"மேல கிடக்கிறது நல்லைநாதனின்ர முடிச்சு. அவர் முதல் அவிழ்க்கட்டும்."

"அடியில கிடக்கிறது அவரின்ர முடிச்சு," என்றார் நல்லைநாதன். "துடங்கினவர் முதல் மன்னிப்புக் கேக்கட்டும்."

பவளராணி இருவரையும் பார்த்தாள். ஏசுவதற்கு அவளிடம் நிறையச் சொல் இருந்தது, ஒன்றையும் அவர்கள்மேல் செலவழிக்கவில்லை. சாமிக் கயிற்றில் கத்தி வைக்கவும் மனம் வரவில்லை. கம்பத்தோடு ஒட்டி நின்று, அந்த ஐஸ் முடிச்சை இரண்டு கையாலும் ஏந்தி, சட்டையை விலக்கி, தன் வெறும் வயிற்றில் வைத்து, அதற்கு மேல் ஜக்கெற்றால் மூடிக்கொண்டாள். ஊரில் இளஞ்சூட்டுக்கு மேல் சூடாக மறுத்த பொருள்களுக்குள் அந்த வயிறு ஒன்றுதான் சேர்த்தி இல்லை. பன்னிரண்டாம் மாதத்து வயிறு, அது உலை போல் கணகணவென்று கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஐஸ் பட்ட இடம் அவளுக்குச் சுரீர் என்று எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வடக்கே இருந்து காற்று வந்து அவளுடைய தலைமயிரைக் கலைத்தது. அம்பலவாணர் தன் ஜக்கெற்றைக் கழற்றி அவளுடைய முதுகில் போட்டுவிட்டு, காற்று வருகிற பக்கம் மறைத்து நின்றார். மற்றப் பக்கம் வெளித்துக் கிடந்தது. நல்லைநாதன் அதைப் பார்த்தார், தன் ஜக்கெற்றைக் கழற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தில் போய் நின்றார். கயிறு பிடித்த நாளுக்குப் பிறகு அவர்கள் இருவரும் அவ்வளவு கிட்ட நின்றது அன்றுதான்.

முதலில் ஒரு துளி அவளுடைய காலில் விழுந்தது. பிறகு இன்னொன்று. "வா, ராசாத்தி," என்று அவள் வயிற்றைக் குனிந்து பார்த்துச் சொன்னாள், பிள்ளை ஆணோ பெண்ணோ என்று அவளுக்குத் தெரியாது, வாயில் அப்படித்தான் வந்தது. "பாதியில நில்லாதை. உன்ர கொம்மாவுக்கு அது பிடிக்காது."

பிள்ளை உதைத்தது. நெடுநாள் உதையெல்லாம் சேர்த்து வைத்து ஒரே உதை. முடிச்சில் பட்டு, முடிச்சுப் படக்கென்று அவிழ்ந்து, ஈரக் கயிறு அவளுடைய கைக்குள்ளால் உருவிக்கொண்டு ஓட, கொடி சரசரவென்று இறங்கி வந்து அவளுடைய தலையையும் தோளையும் மூடியது.

கொடித் துணிக்குள் இருந்து பவளராணி கத்தினாள்: "ஐயோ, நோகுது!" பிறகு துணியை விலக்கி, கண்ணெல்லாம் தண்ணி ஓட, சிரித்துக்கொண்டு கத்தினாள்: "மார்த்தா! நோகுது! எனக்கு நோகுது!" ஊர் முழுக்கக் கைதட்டியது. ஒரு பெண் நோகுது என்று கத்தி ஊர் கைதட்டினது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பேர்ப்பலகைக்கு அங்கால் இத்தனை நாளாய் நிறுத்தி வைத்திருந்த கோடை முழுவதும் ஒரே தள்ளாய் ஊருக்குள் வந்தது. கூரை ஐஸ் ஊசிகள் வரிசையாய் விழுந்து நொறுங்கின, பனி தெருவோரம் ஆறாய் ஓடியது, அதற்குப் பின்னாலேயே புல், புல்லுக்குப் பின்னாலேயே மஞ்சள் பூ, பூவுக்குப் பின்னாலேயே நுளம்பு. மரங்கள் நின்றவாக்கில் இலை விட்டன. வீடுகளில் விட்டுவிட்டு வந்த கேத்தில்கள் எல்லாம் ஒன்றாய்க் கூவின. கரடிகள் கண்ணைத் தேய்த்து எழும்பிக் காட்டுக்குள் நடந்தன. ஏரி, மலை சரிகிற சத்தத்தோடு, இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரைக்கும் வெடித்தது, வாத்துகள் அத்தனையும் கூரையை விட்டு எழும்பி, கருநீலத் தண்ணியில் போய் விழுந்தன. சனம் ஜக்கெற்றையும் தொப்பியையும் தெருவிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, வெயிலை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றது.

வடகரையில் குகதாசன் ஏரி வெடித்த சத்தத்துக்கே படகைத் தள்ளிவிட்டான். மிதக்கிற ஐஸ் பாளங்களைத் துடுப்பால் விலக்கி விலக்கி அவன் வருகிறபோது, ஒரு பாளம் படகை இடித்து ஒரு பக்கம் சரித்ததைக் கரையில் நின்றவர்கள் கண்டார்கள், ஐயோ என்று கத்தினார்கள், படகு நிமிர்ந்தது. கரைக்குக் கிட்ட வந்ததும் அவன் கயிற்றைச் சுழற்றி எறிந்தான். அம்பலவாணரும் நல்லைநாதனும் ஒன்றாய்ப் பாய்ந்து அதைப் பிடித்து ஒன்றாய் இழுத்தார்கள். கயிற்றை ஆர் முதலில் பிடித்தது என்று இன்றுவரை அவர்களும் கேட்கவில்லை, மற்றவர்களும் சொல்லவில்லை.

மார்த்தாவின் மருத்துவ வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தபோது பவளராணிக்கு ஆளை அடையாளம் மட்டுக்கட்ட ஏலவில்லை. பெண்சாதி பிள்ளைத்தாச்சியாய் இருக்கையில் புருசன் மயிர் வழிக்கக்கூடாது என்ற வழக்கத்தை அவன் வடகரையில் தனியே இருந்தும் விடவில்லை. தாடி நெஞ்சு தாண்டித் தொங்கியது, அதில் ஐஸ் துண்டுகள் உருகிக்கொண்டிருந்தன. அந்தத் தாடிக்குள் இருந்து குரல் வந்தது.

"பவளம், நீர் ஒண்டுக்கும் யோசியாதையும், நான் வந்திட்டன்."

முழு வசனம். முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரைக்கும் முழுசாய் வந்தது. அவளுக்கு நெஞ்சில் கிடந்த பாரமெல்லாம் இறங்கி, உடம்பு இளகி, அந்த இளகலோடு பிள்ளையும் வந்தது. பெண் பிள்ளை, தோள்வரைக்கும் தலைமயிர், மேலே இரண்டு பல்லு. மார்த்தா அதன் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டாள், கேட்டுக்கொண்டே பெரிதாய்ச் சிரித்தாள், பிறகு கருவியை எடுத்துக் குகதாசனின் காதில் கொளுவினாள். அவன் கேட்டான். கேட்டு, தாடியெல்லாம் நனைய அழுதான்.

"முழுசா அடிக்குது, பவளம்," என்றான். "பிசகில்லாமல் அடிக்குது."

மறுநாள் காலை, மார்த்தா தன் படகைக் கழுவிக்கொண்டிருந்த நேரம், குகதாசன் மருத்துவ வீட்டு முற்றத்தில் கண்ணாடியை மரத்தில் கொளுவி, சவர்க்காரம் போட்டு, தாடி வழிக்க நின்றான். உள்ளே பிள்ளை வீரிட்டு அழுதது. அவன் அவதிப்பட்டு, போட்டது போட்டபடி கிடக்க உள்ளே ஓடினான். ஒரு கன்னம் பளபளவென்று மழித்துக் கிடந்தது, மற்றக் கன்னத்தில் தாடி நெஞ்சுக்குத் தொங்கியது.

கட்டிலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பவளராணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய முகத்தில் இரத்தமே இல்லை. ஒரு கையால் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் யன்னல் சீலையைச் சட்டென்று விலக்கினாள். ஏரி நீலமாய் அசைந்துகொண்டிருந்தது. மார்த்தா படகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது, மூச்சோடு சிரிப்பும் வந்தது.

"இஞ்சருங்கோ," என்றாள். "பாதியில விட்டிட்டு வராதேங்கோ. போய் முழுக்க வழிச்சுப்போட்டு வாங்கோ, நானும் பிள்ளையும் எங்கயும் போகமாட்டம்."

குகதாசன் திரும்பிப் போய், மற்றக் கன்னத்துக்கும் சவர்க்காரம் போட்டான்.